பழைய நேரம், புது நேரம்

இராசநாயகம் தன் கைமணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். மைத்துனன் குகதாசன் தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தான். நடுவில் மகள் தர்சிகாவின் போன். போன வெள்ளிக்கிழமை போனைப் பார்த்து இரண்டு மணிக்கூட்டையும் சரிசெய்தார்கள். இந்த வெள்ளி எது சரியாக நிற்கிறது என்று பார்ப்பதுதான் பந்தயம். தேத்தண்ணி கொண்டுவந்த தர்சிகா தன் போனை எப்போது தருவார்கள் என்று கதவடியில் நின்றாள்.

அடுத்த கிழமை பதிவுக்காரர் வந்து அவளுக்குக் கலியாண எழுத்து. அவளுக்கு இருபத்தைந்து வயது, கனடா மாப்பிள்ளைக்கு நாற்பத்திரண்டு. அவருடைய சாதகத்தில் ஏழில் செவ்வாய், அவளுடையதிலும் ஏழில் செவ்வாய். செவ்வாய்க்காரிக்குச் செவ்வாய்க்காரன்தான் என்று பேசி முடித்துவிட்டார்கள். அதற்கு முதல் கரவெட்டியிலிருந்து பிரகாஸ் வீட்டார் கேட்டு வந்திருந்தார்கள். பிரகாஸை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனுக்குச் செவ்வாய் இல்லை என்பதால் அப்பாவே அவனுடைய சாதகக் குறிப்பைத் திருப்பி அனுப்பினார். போன ஆவணியில் அவனுக்கு வேறிடத்தில் கலியாணம் முடிந்தது.

இந்த மணிக்கூட்டுப் பந்தயமும் கனடாக் கலியாணத்தால் வந்ததுதான். சுவிசிலிருந்து தமையன் அனுப்பிய, பற்றரி இல்லாமல் கையசைவில் ஓடும் தன் மணிக்கூட்டை மருமகனுக்குக் கட்டிவிட இராசநாயகம் நினைத்திருந்தார். அதற்கு முதல் கொழும்புக்கு அனுப்பிச் சர்விஸ் பண்ண வேண்டும். நாலைந்து வருசத்துக்கு ஒருதரம் அதைத் திறந்து, கழுவி, எண்ணெய் விடுவதற்கு ஒரு சைக்கிள் வாங்குகிற காசு போகும். குகதாசனுடையது சந்தையில் வாங்கியது. இரண்டு வருசத்துக்கு ஒரு பற்றரி மாற்றினால் சரி, அதுவும் இரண்டு றாத்தல் பாண் வாங்குகிற காசுதான் என்று அவன் பகிடி பண்ணப் போய்த்தான் பந்தயம் வந்தது.

ஒத்துப் பார்த்தார்கள். சந்தை மணிக்கூடு போனோடு அச்சொட்டாக நின்றது. சுவிஸ் மணிக்கூடு ஒரு நிமிசம் பிந்தி நின்றது.

"அத்தான், உந்த மணிக்கூடு உங்களுக்காக ஓடுதோ, நீங்கள் அதுக்காக ஓடுறியளோ?"

இராசநாயகத்துக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரியே வராதபோது ஊரில் எத்தனை மணிக்கூடு செத்துக் கிடந்தது, தன்னுடையது ஒருநாளும் நிற்கவில்லை என்றார். தொண்ணூற்றாறில் அரசாங்கம் நாட்டு நேரத்தை முன்னுக்குத் தள்ளி வைத்தபோதும் தான் முள்ளைத் தொடவில்லை என்றார். அந்த நாளில் சனம் பழைய நேரம், புது நேரம் என்று இரண்டு நேரத்தில் திரிந்தது. இரண்டுக்கும் அரை மணித்தியாலம் வித்தியாசம். தான் வேலைசெய்த கூட்டுறவுச் சங்கக்கடையைத் திறப்பதற்கு மட்டும் அவர் மனசுக்குள் அரை மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்வார்.

"பத்து வருசத்தாலை அரசாங்கம்தான் என்ரை மணிக்கூட்டுக்கு இறங்கி வந்தது. நான் மாத்தேல்லை. பிள்ளை பிறந்த நேரமும் இதிலை பாத்துத்தான் குறிச்சனான். விடிய ஆறரை."

குகதாசன் சிரித்தான். தர்சிகா சிரிக்கவில்லை.

"சாத்திரியாருக்கு என்ன நேரம் சொன்னனீங்கள், அப்பா?"

"ஆறரை எண்டுதான்."

"பழைய நேரம் எண்டு சொன்னனீங்களோ?"

அவர் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

பஞ்சாங்கம் பழைய நேரத்தில் இருப்பதால், அந்தப் பத்து வருசத்தில் பிறந்த பிள்ளைகளுக்குச் சாத்திரியார் அரை மணித்தியாலத்தைக் கழித்துவிட்டுத்தான் சாதகம் கணிப்பார். இது ஊருக்கே தெரியும். சொன்னது புது நேரம் என்று நினைத்து, இந்த ஆறரையிலும் கழித்திருப்பார். விடிய ஆறு மணிக்குப் பிறந்த யாரோ ஒருத்தியின் சாதகத்தை அவள் இத்தனை வருசமும் சுமந்திருக்கிறாள்.

குசினிக்குள்ளிருந்து தாய் செல்வநாயகி சொன்னாள், நேர்ஸ் அன்றைக்கு ஏழு மணி என்றுதான் சொன்னவள் என்று. அதைச் சொல்லப் போக, நேர்ஸின் மணிக்கூடு என்ன சுவிஸில் செய்ததோ, வாயை மூடு என்று அவர் அதட்டினாராம்.

குகதாசன் போனை எடுத்தான். அதில் சாதகம் பார்க்கிற வசதி ஒன்று இருந்தது. பிறந்த திகதியையும் சரியான நேரத்தையும் அடித்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது.

"லக்கினம் மாறுது. செவ்வாய் ஆறிலை. பிள்ளைக்குக் குற்றமே இல்லை, அத்தான்."

"இனி உதைக் கிண்டி என்ன காணப்போறாய்?" என்றார் இராசநாயகம். "எழுத்து முடியட்டும். ஒருத்தரும் வாய் திறக்க வேண்டாம்."

தர்சிகா மாமனின் கையிலிருந்து போனை வாங்கினாள். தெல்லிப்பழையிலிருந்த மாப்பிள்ளையின் தாய்க்கு அடித்து, தகப்பனிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்கோ."

வாங்காமல் இருக்க அவரால் முடியவில்லை. அந்தப் பக்கத்தில் ஹலோ கேட்டுவிட்டது. சுகம் விசாரித்தார். சாப்பாடு விசாரித்தார். பிறகு, பிள்ளையின் பிறந்த நேரத்தில் ஒரு சின்னப் பிழை வந்திருக்கிறது என்றார்.

"ஆசுப்பத்திரி மணிக்கூடு பிழையாய் ஓடியிருக்கு போலை."

சொல்லிக்கொண்டே மற்றக் கையால் தன் மணிக்கூட்டைத் தனக்குக் கிட்ட இழுத்தார்.

தர்சிகா போனைத் திருப்பி வாங்கினாள்.

"மாமி, ஒரு மணிக்கூடும் பிழையில்லை. அப்பாதான் நேரத்தை மாறிச் சொன்னவர். எனக்குச் செவ்வாய் இல்லை. உங்கடை மகனுக்கு நான் பொருந்தமாட்டன்."

 அந்த மனுசி கோபிக்காமல், களைத்துப்போன குரலில் கேட்டாள்.

"உதை முந்தியே பாத்திருக்கலாமே, பிள்ளை?"

தர்சிகாவுக்குப் பிரகாஸ் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய குறிப்பு ஞாபகத்துக்கு வந்தது. ஓம் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

அன்று பின்னேரமே கலியாணம் நின்றது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தகப்பனும் மகளும் கதைக்கவில்லை. திங்கட்கிழமை இராசநாயகம் மணிக்கூட்டைப் பஞ்சில் சுற்றி, பெட்டியில் வைத்து, சர்விஸுக்குக் கொழும்புக்கு அனுப்பினார். கிழமைக்கு ஒரு நிமிசம் பிந்துகிறது, கவனமாகப் பார்க்கவும் என்று ஒரு துண்டும் எழுதி உள்ளே வைத்தார்.