ஜன்னலோரத்து மாதிரிகள்

அக்கா புருஷனை வேலையிலிருந்து இறக்கியது என் கையெழுத்துதான்.

சீரியம் என்ற உலோகத்தைப் பிரிக்கும் ஆலையில் மின்கலத்தைப் பார்த்துக்கொள்வது மாமாவின் வேலை. கரைசலில் மின்சாரம் பாய்ந்தால் சீரியம் மஞ்சளாக மாறும். அப்படி மாறியது மட்டும் மேலே மிதக்கும் கெரசின் கரைப்பானுக்குத் தாவும்; மற்ற உலோகங்கள் கீழே அமிலத்திலேயே தங்கிவிடும். நூற்றுக்கு எவ்வளவு தாவியது என்று கெரசினில் உள்ள மஞ்சளைச் சோதித்து எழுதுவது நான். ஒன்றரை மாதமாக எண்பதைத் தாண்டவில்லை. சொந்தக்காரர் என்பதற்காகக் கூட்டி எழுத மாட்டேன் என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். போன வாரம் மாமாவை டிரம் கழுவ அனுப்பிவிட்டார்கள். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இன்று மின்கலத்தில் புது ஆளுக்கு முதல் நாள். வழக்கமாக நான் காலை மாதிரி பாட்டில்களை ஜன்னலோரம் வரிசையாக வைத்துவிட்டு, சாப்பிட்டு வந்து ஒரே மூச்சில் சோதித்து முடிப்பேன். இன்று மேனேஜர் வந்து பக்கத்திலேயே நின்றதால் உடனே பார்க்க வேண்டியதாயிற்று. தொண்ணூற்றாறு.

"பாத்தீங்களாம்மா? ஆளை மாத்தினதும் எப்படி ஏறுது!"

புது ஆள் மாமா திருகி வைத்துவிட்டுப் போன மின்சார அளவைத் தொடக்கூட இல்லை. சாப்பிட்டு வந்து, அதே பாட்டிலில் மிச்சமிருந்ததை மறுபடி சோதித்தேன். எழுபத்தெட்டு. மஞ்சள் வெளுத்திருந்தது. வெயிலும் கெரசினும் சேர்ந்து சீரியத்தைப் பழையபடி நிறமில்லாமல் ஆக்கியிருந்தன. ஒன்றரை மாதமாக நான் எழுதியது இந்த வெளுத்துப்போன எண்ணைத்தான்.

வாயை மூடிக்கொண்டால் என் வேலை தப்பும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிஷம் மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். பிறகு இரண்டு எண்களையும், பாட்டில் வெயிலில் இருந்ததையும் எழுதி மேனேஜர் மேசையில் வைத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "நாளைலேர்ந்து லேபுக்கு வராதீங்க. நான் கூப்பிடுறேன்."

மாமா கொட்டகையில் டிரம்முக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க மேல தப்பே இல்ல. கெரசின்ல நல்லாத்தான் ஏறியிருக்கு. நான்தான் பாட்டிலை வெயில்ல வச்சுக் கெடுத்துட்டேன்."

கிழி கிழியென்று கிழிப்பார் என்று நின்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சொட்டு மருந்துக் குப்பியை எடுத்துப் பார்த்தார்.

"எனக்குப் பளிச்சுனு மஞ்சளாதாம்மா தெரிஞ்சுது. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு, கண் டாக்டர் மூணு பேரைப் பாத்துட்டேன்."