துத்தநாக வீரன் விழுந்த விதம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருந்துக் கடையில் கிடைத்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மற்ற எழுத்தாளர்களுக்கு மழை பெய்யும்போதும் ரயில் போகும்போதும் கதை பிறக்கிறது. எனக்கோ இருமல் மருந்து வாங்கப் போன இடத்தில், மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

நான்கு முறை தொடங்கிப் பார்த்தேன். முதல் தொடக்கம் இது:

"நாற்பதாவது மாடியின் விளிம்பில் நின்ற துத்தநாக வீரன் கீழே பார்த்தான். அவன் உடலிலிருந்த சக்தி முழுவதும்..."

விட்டுவிட்டேன். என் தம்பி இதைப் படித்தால், அவன் கீழே பார்க்கவில்லை, பக்கவாட்டில் பார்த்தான், முப்பத்தாறாவது இதழ், கடைசிப் பக்கம், வலது ஓரக் கட்டம் என்பான். இரண்டாவது தொடக்கம்:

"சித்திரக்கதை என்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல, அது ஒரு"

அது ஒரு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதும் நான்காவதும் இவற்றைவிட மோசம். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். நடுநடுவே அடைப்புக்குறிக்குள் புலம்பினால் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போங்கள்.

2

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்து நான்கு வயது. அவன் வீட்டில் மூன்று அறைகள். ஒன்றில் சித்திரக்கதைப் புத்தகங்கள் வசிக்கின்றன. மிச்சமிருக்கும் இரண்டில் அவனும் மனைவியும் மகளும் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"அந்த ரூம்ல ஈரம் எவ்வளவுன்னு பாக்க மீட்டர் மாட்டியிருக்கார்" என்பாள் தம்பி மனைவி. "பொண்ணுக்கு ஜுரம்னா தெர்மாமீட்டரை வீடு பூரா தேடணும்."

அங்கே ஒரு புத்தகத்தைத் தொட வேண்டுமென்றால் கை கழுவி, துடைத்து, கொஞ்ச நேரம் காயவிட்டு, அவன் பார்க்கும்படி விரல்களை விரித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு இதழிலும் இரண்டு பிரதி வைத்திருக்கிறான். ஒன்று படிக்க. இன்னொன்று பிளாஸ்டிக் உறையில், படிக்காமல் இருக்க.

"படிக்காம எதுக்குடா அது?"

"அது பாட்டுக்கு இருக்கும்க்கா. உன்னை என்ன பண்ணுது?"

அவன் உயிரை வைத்திருப்பது துத்தநாக வீரன் வரிசையில். தங்கம், வெள்ளி, இரும்பு எல்லாவற்றையும் வேறு வேறு வீரர்கள் எடுத்துக்கொண்டபின் மிஞ்சிய உலோகம் இவனுக்கு வாய்த்திருக்க வேண்டும். பறப்பான், குண்டு துளைக்காது, துருப்பிடிக்க மாட்டான். மொத்தம் அறுபத்திரண்டு இதழ்கள் வந்து நின்றுபோன வரிசை. தம்பியிடம் அறுபத்தொன்று இருந்தன.

சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி அவனிடம் கருத்துக் கேட்காதீர்கள். நான் கேட்டுவிட்டேன்.

"முகமூடி எதுக்குக்கா? மூஞ்சிய மறைக்க. இவங்க பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ கழட்டிடறாங்க. நடிகர் மூஞ்சி தெரியணுமாம். அவ்வளவு பேர் பாத்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவன் எப்படி மறுநாள் ஆபீஸ் போறான்?"

"சரி, சீரியல்?"

"ஆறு பக்கத்துல முடியற சண்டைய எட்டு வாரம் இழுக்கறான். அதுல ரெண்டு வாரம் வில்லன் ஏன் கெட்டவன் ஆனான்னு அழறான். கெட்டவனையும் கொஞ்சம் வேல செய்ய விடணும்ல."

"அதுல செத்துப் போறாங்களே, அதெல்லாம் சோகமா இல்லையா?"

"சாவுக்கு ஒரு மரியாத வேணாமா? இந்தப் படத்துல புதைக்கறாங்க. அடுத்த படத்துல வந்து காபி குடிச்சிட்டு நிக்கறான். அழுதவன்லாம் கேனயனா?"

(இப்படிப் பேசுகிறவன் ஒவ்வொரு படத்தையும் முதல் நாளே பார்ப்பான். கடைசிப் பெயர் ஓடி, துடைப்பத்தோடு ஆள் வந்து நிற்கும்வரை இருக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டான். பிடிக்காத படங்களை மூன்று முறை பார்ப்பான், பிடிக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள.)

3

அவனிடம் இல்லாத ஓர் இதழ் முப்பத்தேழாவது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு மஞ்சள் காமாலை வந்த வருடத்துக்குப் போக வேண்டும்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, அவனுக்குப் பத்து. ஆறு வாரம் படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்றார் டாக்டர். புத்தகம் படித்தால் தலை சுற்றும். அந்த மாதம்தான் முப்பத்தாறாவது இதழ், சக்தியை இழந்த துத்தநாக வீரன் நாற்பது மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதோடு முடிந்திருந்தது. அடியில் ஒரே சொல்: தொடரும்.

அடுத்த இதழ் எங்கள் தெருக் கடைக்கு வரவேயில்லை. முடி வெட்டிக்கொள்ளப் போன தம்பி ஓடிவந்து, சலூனில் அது இருந்தது, பார்த்துவிட்டேன் என்றான்.

"என்ன ஆச்சு? செத்துட்டானா?"

"இல்ல. விழறான்."

முப்பத்தொன்பதாவது மாடியில் ஒரு சமையல்காரர் ஜன்னலைத் திறந்து கையை நீட்டுகிறார். வீரனைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் விரல் பட்டதில் வேகம் இம்மியளவு குறைகிறது. அன்றைக்கு அவன் சொன்னது அவ்வளவுதான். மறுநாள் முப்பத்தெட்டாவது மாடி, இன்னொரு ஜன்னல், இன்னொரு கை. ஒரு நாளைக்கு ஒரு மாடி. துணி உலர்த்துகிறவள், வாத்தியக்காரர், சண்டையை நிறுத்திவிட்டு வந்த புருஷன் பெண்டாட்டி, இருபத்திரண்டாவது மாடியில் மூக்குக்கண்ணாடியைத் தேடியபடியே கையை நீட்டும் ஒருவர். யாருக்கும் எந்தச் சக்தியும் கிடையாது. வீரனின் கால் பூப்போலத் தரையில் பட்ட நாளில் என்னை எழுந்து நடக்கச் சொன்னார்கள்.

(இதை அப்படியே எழுதினால் மிகையாகத் தெரியும் என்று, அதற்கும் நான் நடந்த நாளுக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி விடலாமா என்று யோசித்தேன். உண்மையில் இடைவெளி இருந்ததா என்பது மறந்துவிட்டது.)

4

முப்பது வருடம் கழித்து அந்தக் கதை படமாக வந்தது. வீரன் கட்டடத்திலிருந்து விழுகிறான், பாதி வழியில் வானத்திலிருந்து ஓர் ஒளி, சக்தி திரும்பிவிடுகிறது, பறந்துவிடுகிறான். தியேட்டரே கை தட்டியது. தம்பி மட்டும் எழுந்து நின்றானாம்.

"நாப்பது மாடி. ஒரு ஜன்னலாவது திறந்துதா? முப்பத்தேழாவது இதழ எடுத்துப் பாருங்க, எப்படி இருக்கும்னு தெரியும்."

அன்றிலிருந்து எந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலும் முப்பத்தேழாவது இதழில்தான் வந்து முடிப்பான். ரசிகர் குழுவில் அவன் பெயரே முப்பத்தேழு ஆகிவிட்டது. ஒன்பது பேர் கொண்ட குழு. மாதம் ஒரு ஞாயிறு, மருந்துக் கடை மாடியில் கூடுவார்கள். கடைக்காரர்தான் தலைவர். அவர் அந்தப் படத்தின் கட்சி, தம்பி இதழின் கட்சி. இருவரும் நாலு வருடமாக வாயால் மட்டும் அடித்துக்கொள்கிறார்கள்.

5

அந்தக் கடைக்காரர்தான் இருமல் மருந்தோடு உறையை நீட்டினார்.

"ஒரு பழைய புத்தகக் கட்டு வாங்கினேம்மா. அதுக்குள்ள இருந்துது. முப்பத்தேழு."

எனக்கு ஒரு நொடி சந்தோஷம். அவர் முகத்தில் அது இல்லை.

"நான் படிச்சுட்டேன். உங்க தம்பி சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல இதுல. படத்துல இருக்கறதுதான் இருக்கு. அடுத்த கூட்டத்துல இத நான் எடுத்து வெச்சா..." அவர் மாத்திரை அட்டைகளை அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டார். "வேணாம். நீங்க அக்கா. நீங்களே பாத்துக்கங்க."

வீட்டுக்கு வந்து கை கழுவி, துடைத்து, காயவிட்டுப் பிரித்தேன். மூன்றாவது கட்டத்தில் ஒளி வந்துவிட்டது. நான்காவதில் பறந்துவிட்டான். நாற்பது மாடிகளில் ஒரே ஒரு ஜன்னல் வரையப்பட்டிருந்தது. அதுவும் மூடியிருந்தது.

6

இங்கே என் கதாபாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தத் தம்பி யார்?

நோயில் கிடந்த அக்காவுக்காகக் கதை கட்டிவிட்டு, கட்டியதையே மறந்துபோனவனா? அப்படியானால் இதழைக் கொடுத்தால் உடைந்துவிடுவான். இல்லை, நன்றாக நினைவிருந்தும் முப்பது வருடமாக முகம் மாறாமல் புளுகுகிறவனா? அப்படியானால் என் முன்னால் தலைகுனிந்து நிற்பான். என் தம்பி தலைகுனிந்து நின்று நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் இல்லை.

என் சங்கடம் வேறு இருந்தது. பதினொரு புத்தகம் எழுதியிருக்கிறேன். "முன்பின் தெரியாதவர்கள் நீட்டும் கை இவர் கதைகளில் எப்போதும் உண்டு" என்று மதிப்புரையில் எழுதுவார்கள். அதை நான் முப்பத்தேழாவது இதழிலிருந்து திருடியதாக நினைத்து, ரகசியமாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் திருடியது தம்பியிடம்.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: அக்கா இதழை அடுப்பில் போட்டுக் கொளுத்திவிடுகிறாள். "தீயின் நாக்கு வீரனின் நீல உடுப்பைத்..." முடியவில்லை. பழைய இதழைக் கொளுத்துகிற ஒருத்தியை என்னாலேயே மன்னிக்க முடியாது.

இரண்டாவது: அக்கா அதை ஒளித்துவைக்கிறாள், அவள் போனபின் தம்பி கண்டெடுக்கிறான். இதற்கு நான் சாக வேண்டும். ஒரு சிறுகதைக்காக அது அதிகம்.

7

நடந்தது இதுதான். நான் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட்டைப் பார்க்க வந்த தம்பி மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டு முடித்ததும் உறையை மேசையில் வைத்தேன்.

பார்த்தான். எழுந்து போய் கிரீஸ் போகும்வரை கை கழுவினான். திரும்பி வந்து அட்டையைப் பார்த்தான், பின்கள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பார்த்தான், பக்கங்களை எண்ணினான். பிறகுதான் படித்தான். என் இருமலைக்கூட நான் அடக்கிக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பக்கம் முடிந்ததும் மூடிவைத்தான்.

"நம்மளுது நல்லா இருக்கு" என்றான்.

"நம்மளுதா?"

"உன்னுதுதான். பேச்சுக்குச் சொன்னேன்."

"டேய், நீதானேடா தினம் வந்து சொன்ன?"

"நானா? சலூன்ல ஒருத்தர் கையில வெச்சுப் படிச்சிட்டிருந்தாரு. எனக்கு அட்டை மட்டும்தான் தெரிஞ்சுது. விழறான்னு வந்து சொன்னேன். நீதான் கண்ண மூடிக்கிட்டு, அதுக்குக் கீழ் மாடில யாரு இருக்காங்கன்னு ஆரம்பிச்ச. சமையல்காரர்னு நீதான் சொன்ன. தினம் ஸ்கூல் விட்டு ஓடி வருவேன், இன்னிக்கு யாருன்னு கேக்க."

என் நினைவில் கேட்பது அவன் குரல். அவன் நினைவில் கேட்பது என் குரல். எனக்கு ஜுரம் இருந்தது. அவனுக்குப் பத்து வயது. சாட்சியாக இருவருமே தேற மாட்டோம்.

"அப்புறம் ஏண்டா இத்தன வருஷமா முப்பத்தேழு, முப்பத்தேழுன்னு?"

அவன் இதழை உறைக்குள் மெதுவாகச் செருகினான். "எங்க அக்கா சொன்ன கதைன்னா யாரு கேப்பா? இதழ்ல வந்துதுன்னா கேப்பாங்க. உனக்குத் தெரிஞ்சும் பெருந்தன்மையா விட்டுட்டன்னு நினைச்சேன்." உறையின் வாயை மடித்தபடி, "அவங்க எப்படிப் பண்ணியிருக்காங்கன்னு பாக்கணும்னுதான் இவ்வளவு நாளாத் தேடினேன்" என்றான்.

"பாத்தாச்சு. எப்படி?"

"சுமார்."

8

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு நானும் போனேன். தம்பி இதழை எல்லோர் முன்னும் மேசையில் வைத்தான்.

"நான் இத இதுக்கு முன்னாடி படிச்சதே இல்ல. படத்துல காட்டினதுதான் இதுல இருக்கு. இத்தன நாள் நான் சொன்னதுதான் தப்பு."

கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே நேராக இருந்த நாற்காலி ஒன்றை நேராக்கினார். நாலு வருடச் சண்டையில் ஜெயித்தவரின் முகம் அப்படி வாடியிருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு கணக்கு வாத்தியார்தான் கடைசியில் கேட்டார்: "அப்போ அந்த மூக்குக்கண்ணாடிக்காரர்? இருபத்திரண்டாவது மாடி? அவரும் இல்லையா?"

"இல்ல சார்."

"எனக்கு அவர ரொம்பப் பிடிக்கும்" என்றார் வாத்தியார். "இதழ்ல இல்லன்னா போகட்டும். யாராவது எழுதி வைங்கப்பா."

தம்பி என் பக்கம் கையைக் காட்டினான். நான் அவன் பக்கம் கையைக் காட்டினேன். கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ சொல்லப் போனார்.

9

எழுதிவிட்டேன். நாற்பது மாடிகளையும் அல்ல. அது எங்கிருந்து வந்தது என்பதை. பத்திரிகைக்கு அனுப்பும் தாளில் தலைப்புக்குக் கீழே ஆசிரியர் பெயருக்கு ஒரே ஒரு வரி விட்டிருக்கிறார்கள். என் பெயரைப் போட்டேன். தம்பி படித்துவிட்டு, கதை அவனுடையது என்று நான் விட்டுக்கொடுத்து எழுதிய இடங்களை எல்லாம் அடித்து, என் பெயரை மட்டும் விட்டுவைத்தான். நான் அதை அழித்து அவன் பெயரைப் போட்டேன். அவன் அழித்தான். தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது. எங்கள் அம்மாவைக் கேட்டால் தெரியும் என்கிறாள் தம்பி மனைவி. கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது, அவனும் கேட்கவில்லை.

கடைசியில் அந்த வரியை வெறுமையாக விட்டு அனுப்பியிருக்கிறோம். மேலே போய்ப் பாருங்கள், பெயர் இருக்காது. நாற்பது மாடியைக் கட்டியது அக்கா என்று உங்களுக்குத் தோன்றினால் அக்கா என்றும், தம்பி என்று தோன்றினால் தம்பி என்றும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பென்சிலால் எழுதுங்கள். பேனா பட்ட பிரதியை அவன் கையால் தொட மாட்டான்.