காகிதம் பறந்த பக்கம்

நாத்தனாரின் ரொட்டி வேனைக் கயிறு கட்டிப் பட்டறைக்குள் இழுத்து வந்தபோது ஒயர்க்காரி கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். வண்டி நிற்பதற்குள் நாத்தனாரின் வாய் ஆரம்பித்துவிட்டது.

"மேடு பாதி ஏறல, அதுக்குள்ள கொதிச்சுப் புகையாக் கக்குது! நடுரோட்டுல நின்னு என் மானமே போச்சு. ஒரு ஃபேனுக்கு ஒயர் குடுக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்த வேலை?"

ஒயர்க்காரி என்பது பட்டறையில் அவளுக்கு விழுந்த பெயர். இன்ஜின் வேலை புருஷனுக்கு, மின்சார வேலை அவளுக்கு. வேனின் பழைய இன்ஜின் உயிரை விட்டதால், வேறொரு வண்டியின் இன்ஜினை வாங்கி இதில் இறக்கியிருந்தார்கள். புது இன்ஜினோடு பழைய பெல்ட் ஃபேன் பொருந்தவில்லை. அதனால் ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு மின்சார ஃபேன்கள். ஃபியூஸ், ரிலே, சூடு ஏறினால் தானே போட்டுக்கொள்ளும் ஸ்விட்ச் என்று அத்தனைக்கும் ஒயர் இழுத்தவள் அவள். இழுத்துவிட்டுச் சும்மா போகிறவளா? ஃபேனை ஓடவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு காகிதத்தை நீட்டிப் பார்த்தாள். காகிதம் பச்சென்று ஒட்டிக்கொண்டது. காற்றை ஒழுங்காக உள்ளே இழுக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சாப்பிடப் போனாள்.

"இனிமே இவளை வண்டிப் பக்கமே விடாதே தம்பி. வீட்டோட கிடக்கட்டும். வேற ஆளை வச்சுக்கோ."

புருஷன் தரையைப் பார்த்தபடி, "சரிக்கா" என்றான்.

சரிக்காவாம்! அவளுக்கு உச்சந்தலை எரிந்தது. சூடு பட்டு சூடு பட்டு விரல் காய்த்துப்போகக் கற்றுக்கொண்ட தொழில். அதை ஒரே ஒரு சரிக்காவில் தூக்கிக் கொடுத்துவிட்டானே, பாவி!

அவள் நேராகப் போய் பானெட்டைத் திறந்தாள். ரேடியேட்டரின் பின்பக்கம் மொட்டையாக இருந்தது. முன்னால் போய் கிரில்லுக்குள் எட்டிப் பார்த்தாள். ஃபேன்கள் இரண்டும் அங்கே சொகுசாக உட்கார்ந்திருந்தன.

"இதை யார் இங்க மாத்துனது?"

புருஷன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "நீ சாப்பிடப் போனப்ப பார்த்தேன், மோட்டார் இன்ஜின்ல உரசுற மாதிரி இருந்துச்சு. அதான் திருப்பி முன்னாடி மாட்டிட்டேன். சுத்துச்சே! சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

"சுத்துனாப் போதுமா? ஃபேனைத் திருப்பி மாட்டுனா காத்தும் திரும்பாதா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"மெதுவாப் பேசு. இறக்கையை நான் திருப்பிப் போட்டுடறேன். நீ ஒயர் ரெண்டையும் இடம் மாத்திக் குடு, எதிர்ப்பக்கமாச் சுத்தும். ஒயர் மாறிப் போயிருந்துச்சு, சரி பண்ணிட்டோம்னு அக்காகிட்ட சொல்லிக்கலாம்."

வேலை என்னவோ சுலபம்தான். ஆனால் அந்த ஒயரை அவள் மாற்றிய நிமிஷமே தப்பு அவளுடையதாகிவிடும்.

"ஒயர் மாறலய்யா. நீதான் மாறிட்டே."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை அவள் நீ என்றதில்லை. இன்று அது தானாக வந்தது, அவளுக்கு நாக்கும் கூசவில்லை.

வேனுக்குள் கிடந்த ரொட்டிக் காகிதம் ஒன்றை எடுத்தாள். "அண்ணி, இப்படி முன்னாடி வந்து நில்லுங்க." சாவியைத் திருப்பி, சூடு ஏறாமலே ஃபேன் ஓடும்படி, ஸ்விட்சுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் சேர்த்து முறுக்கிவிட்டாள். ஃபேன்கள் இரைந்தன. கிரில்லுக்கு நேராகக் காகிதத்தை விட்டாள். அது பறந்துபோய் நாத்தனாரின் முகத்தில் அறைந்தது.

"பார்த்தீங்களா? இழுக்க வேண்டியது தள்ளுது. வண்டி ஓட ஓட எதிர்க்காத்தோட மல்லுக்கட்டுது. அப்புறம் எங்கேர்ந்து குளிரும்? ஒயர் நான் குடுத்தபடியேதான் இருக்கு. ஃபேனைத் திருப்பி மாட்டுனது யாருன்னு உங்க தம்பியைக் கேளுங்க."

புருஷன் ஓரடி முன்னால் வந்தான். "நான்தான்க்கா. இன்ஜின்ல உரசுற மாதிரி இருந்துச்சு."

நாத்தனாரின் முகம் இளகிவிட்டது. "அட, நீயா? சரி விடு. உரசுதேன்னு செஞ்சிருப்பே. தெரிஞ்சா செஞ்சே? சீக்கிரம் முடிச்சுக் குடு, ரொட்டி காயுது."

அவ்வளவுதான்! அவளுக்கு வந்த வசவு என்ன, இவனுக்கு வந்த தடவல் என்ன! ஒயர்க்காரி முறுக்கிய ஒயரைப் பிரித்தாள். கட்டிங் பிளேயரைப் பெட்டிக்குள் போட்டு மூடி, பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணி, எனக்குக் குடுத்ததை அவருக்கும் குடுங்க. மேட்டுல நின்னதுலேர்ந்து ஆரம்பிங்க. வீட்டோட கிடக்கட்டும்னு சொன்னீங்களே, அதையும் சேர்த்து. ஒரு வார்த்தை குறையக் கூடாது. அதுவரைக்கும் இந்த ஒயரை யாரும் தொடக் கூடாது."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். "மேடு பாதி ஏறல..." என்று ஆரம்பித்தவள், முந்தானையால் அவன் கன்னத்துக் கிரீஸைத் துடைத்தாள்.

"திட்டுக்கா," என்றான் புருஷன், தலையைத் தூக்காமல். "திட்டித் தொலை."

ஒயர்க்காரி பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை.