வரப்பிலிருந்த அண்ணன்

அப்பாவின் உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, பவானேஸ்வரி தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் இறங்கி எல்லை வரப்பை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். மதியம் பெட்டியை மூடுவதற்குள் அண்ணனைக் கொண்டுவந்தாக வேண்டும்.

அவள் பிறப்பதற்கு முன்பே, பெயர் வைப்பதற்குள் போய்விட்ட அண்ணன். பச்சைப்பிள்ளையை எரிப்பதில்லை, அப்பா அப்புசாமி தனியாகத் தூக்கிப்போய் வரப்பில் புதைத்து, மேலே ஒரு கல்லை நட்டுவிட்டு வந்தார். எந்தத் தோட்டத்துத் துரையும் வரப்பில் ரப்பர் மரம் நடமாட்டான், பிள்ளை நிம்மதியாகத் தூங்கும் என்று நினைத்திருக்கிறார். பெண்கள் வரக்கூடாதென்று அம்மாவுக்கு இடத்தைக்கூடக் காட்டவில்லை. நேற்று மூச்சு இழுக்கும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன அங்க விட்டுறாதம்மா. என்கூடப் போடு."

சுங்கை ரம்பாய் ஊர்ப் பக்கமிருந்த அந்த ரப்பர் தோட்டத்தை வீடு கட்ட விற்றாகிவிட்டது. வரப்பு ரப்பருக்கும் முந்தைய பழைய வயல்களின் எல்லையா என்று பார்க்க மியூசியத்து ஆட்கள் வந்து, மேல்மண்ணை நீளவாக்கில் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு முன்பே நிலம் அளக்க வந்த புண்ணியவான்கள், கண்ட கல்லையெல்லாம் எல்லைக்கல் என்று பிடுங்கி மரத்தடியில் குவித்துவிட்டார்கள். எந்தக் கல் எங்கே நின்றது என்று யாருக்குத் தெரியும்?

மியூசியத்தில் வேலை பார்க்கும் கணேஸ்வரன் அவள் சொன்னதைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றினார். கிளேபாங் ஊர்க்காரர், நன்றாகப் பேசக்கூடியவர். அன்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எலும்பு இருக்காதுக்கா. இந்த மண்ணு தின்னுரும். கறை மட்டுந்தான் நிக்கும்."

அவர் காட்டிய இடத்தில் செம்மண் ஒரு முழ நீளத்துக்குக் கறுத்திருந்தது. பவானேஸ்வரி உட்கார்ந்து தொட்டாள். கிடைத்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் அழுகை வந்தது.

"இது ஒன்னு மட்டும் இல்லக்கா," என்று கணேஸ்வரன் கையை நீட்டினார்.

வரப்பு நெடுக அதே கறுப்பு, ஒன்றன்பின் ஒன்றாக. எல்லாமே சின்னச் சின்னதாக. லயத்து அப்பன்கள் அத்தனை பேருக்கும் ஒரே யோசனைதான் தோன்றியிருக்கிறது. ஒருவர் இன்னொருவரிடம் சொன்னதில்லை.

"அண்ணே," என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தாள். கூப்பிட்டிருக்கக் கூடாது. வரப்பில் கிடந்த பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது போலிருந்தது.

மேலே ரோட்டில் பிண வண்டி ஹாரன் அடித்தது. யாரை எடுப்பது, யாரை விடுவது? தோளில் கிடந்த துண்டை விரித்து, ஒவ்வொரு கறையிலிருந்தும் ஒரு பிடி அள்ளினாள். மேலதிகாரி திட்டுவாரே என்று பாராமல், கணேஸ்வரனும் மண் சுரண்டும் கரண்டியால் அள்ளிக் கொடுத்தார்.

வீட்டில் பெட்டி திறந்தபடி காத்திருந்தது. பக்கத்தில் அம்மா முனியம்மா. லயத்துக் கிழவிகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க பவானேஸ்வரிக்குத் தைரியம் வரவில்லை. துண்டு மூட்டையை அம்மாவின் மடியில் வைத்தாள்.

அம்மா அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவு கனமாவாடி இருந்தான்?"

வண்டிக்காரர் நேரமாகிறது என்றார். அம்மாவின் காதில் விழவில்லை. கழுத்து நிற்காத பிள்ளையை ஏந்துவதுபோல் மூட்டையின் ஒரு முனைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.