எந்த மணிக்கு அம்மா

கெண்டைக்கால் இரண்டும் கட்டையாக இறுகிப்போயிருந்தன. பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு நாற்காலி என்பது பை வைக்கிற இடம், அவ்வளவுதான். மதிய இடைவேளையில் சுவரில் சாய்ந்து ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொண்டாள். அவளுடைய அம்மா சந்தையில் மூட்டை சுமந்தவள். கால் வலி என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் மட்டும் மூட்டை இறங்கிவிடுமா?

முதல் வாரத்தில் அவள் எழுத்தைத் தொடவே மாட்டாள். பை எங்கே, செருப்பு எங்கே, தண்ணீர் பாட்டில் மூடியை எப்படித் திருகுவது, வரிசையில் யார் பின்னால் யார் என்பதுதான் பாடம். தானே செய்து காட்டுவாள். தப்பாகச் செய்தால் திட்டாமல் மறுபடி செய்யச் சொல்வாள். "இது பழகிட்டா அ, ஆ தன்னால வரும்" என்பாள். வருஷா வருஷம் வந்தது. இந்த வருஷமும் வகுப்பு மளமளவென்று வழிக்கு வந்துகொண்டிருந்தது, ஒருத்தியைத் தவிர.

அவளுக்கு ஸ்டாஃப் ரூமில் கோலிக்குண்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். உட்கார்ந்தால் பாந்தமாக உட்கார்ந்திருப்பாள். பை, செருப்பு, வரிசை எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் மணி அடித்தால் போதும், அது எந்த மணியானாலும், உருண்டோடிப் போய்க் கேட்டில் நிற்பாள். நேற்று கேட் திறந்து கிடந்தது. வாட்ச்மேன் எட்டிப் பிடிக்காவிட்டால் லாரிக்கு முன்னால் போயிருப்பாள்.

டீச்சர் அவளை மூலையில் உட்காரவைத்துப் பார்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மணி அடிக்கும் நேரத்தில் கதவைத் தாழிட்டும் பார்த்தாள். பிள்ளை கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது, அழவில்லை. அதுதான் டீச்சருக்குப் பிடிபடவில்லை. பயந்த பிள்ளை என்றால் அழும்.

தலைமையாசிரியைக்கு அந்த லாரி கண்ணை விட்டு அகலவில்லை. வராந்தாவிலேயே வந்து டீச்சரைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு ஒரு நாள் பாக்கலாம். மறுபடி ஓடினா அம்மாகிட்ட ஒப்படைச்சிடுங்க. அடுத்த வருஷம் சேத்துக்கலாம்."

"ஓடமாட்டா மேடம்."

"எதை வெச்சு சொல்றீங்க?"

"அது இன்னும் தெரியல. ஆனா ஓடமாட்டா."

சாயங்காலம் அம்மாக்காரி தையல் கம்பெனியிலிருந்து நேராக வந்தாள். தலைமுடியில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. டீச்சர் சுற்றி வளைக்கவில்லை.

"ஏம்மா, மணி சத்தம் கேட்டா வீட்லயும் ஓடுவாளா?"

"வீட்ல ஏது டீச்சர் மணி? கம்பெனிலதான். கைக்குழந்தையிலேருந்து அங்க இருக்கிற காப்பகத்துலதானே வளர்ந்தா. பால் குடுக்க ஒரு மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி, ஷிப்ட் முடிஞ்சா ஒரு மணி. எந்த மணி அடிச்சாலும் நான் வந்து நிப்பேன். லேட்டானா சூப்பர்வைசர் கத்துவான். அதனால மணி அடிச்சதும் வாசல்ல ரெடியா நில்லுடின்னு பழக்கிட்டேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவளுக்கு ஒழுங்கு வரலியேன்னு நான் மண்டையை உடைச்சுக்கிறேன். என் கிளாஸ்லயே மணிக்கு அடங்கினவ இவ ஒருத்திதான்."

"அப்போ தப்பு என் மேலதானா?"

"தப்பெல்லாம் இல்லம்மா. நீங்க பழக்கினது நல்லாவே பழகியிருக்கு. அதை நான் மாத்திப் பழக்கணும். நாளைக்கு மட்டும் கடைசி மணிக்கு முன்னாடியே வந்து நில்லுங்க."

மறுநாள் காலை இடைவேளைக்கு டீச்சர் கோலிக்குண்டின் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கு அடியில் போய் நின்றாள். பியூன் சுத்தியலோடு காத்திருந்தார்.

"அண்ணே, இந்த மணியை இவ அடிக்கட்டும்."

"நல்லாருக்கே. அப்புறம் நான் எதுக்கு, உங்க கிளாஸ்ல வந்து அ, ஆ படிக்கவா?"

"வாங்க, இடம் இருக்கு. செருப்பை மட்டும் வரிசையா வெக்கணும்."

முனகிக்கொண்டே சுத்தியலைக் கொடுத்தார். பிள்ளை இரண்டு கையாலும் ஓங்கி அடித்தது. உடனே கேட்டைப் பார்த்துத் திரும்பியது. டீச்சர் தடுக்கவில்லை. கூடவே நடந்துபோய்க் கேட்டில் நின்றாள். வெளியே ஒருவர் கிளம்பாத ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

"அம்மா வரல."

"வரமாட்டாங்க. நீ அடிச்சது தண்ணி குடிக்கிற மணி."

"அம்மா மணி எது?"

"எல்லாரும் பையை மாட்டினப்புறம் ஒண்ணு அடிக்கும் பாரு, கடைசி மணி, அதுதான்."

மதிய மணி அடித்தபோது தலைமையாசிரியை வகுப்பு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோலிக்குண்டு எழுந்தாள். வாசல்வரை ஓடினாள். டீச்சர் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள். கையை நீட்டவில்லை, கூப்பிடவுமில்லை. பிள்ளையின் ஒரு கால் நிலைப்படிக்கு வெளியே போயிருந்தது. அப்படியே திரும்பியது.

"டீச்சர், இது எந்த மணி?"

"சாப்பாட்டு மணி."

"அம்மா மணி இல்லியா?"

"இல்ல."

கொஞ்சம் யோசித்துவிட்டு, டப்பாவை எடுக்கப் போனாள். போகிற வழியில் தலைமையாசிரியையிடம், "வழில நிக்கக் கூடாது, வரிசை வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் ஒதுங்கிக்கொண்டார்.

"இருக்கட்டும், இங்கேயே படிக்கட்டும்" என்றார்.

டீச்சர் மூச்சு விடுவதற்குள் முன்வரிசைக் குண்டுப்பயல் எழுந்து நின்றான்.

"டீச்சர், அவ மட்டும் மணி அடிச்சா. நாங்க?"

"ஆமா டீச்சர், நாங்க?" என்று வகுப்பே கிளம்பியது.

"எல்லாருக்கும் உண்டு. ஆளுக்கு ஒரு தடவை" என்று வாயை விட்டுவிட்டாள். வராந்தாவில் பியூன் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

கோலிக்குண்டுக்குக் கொடுத்தாயிற்று. மீதி முப்பத்தொரு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு மணி இன்னும் பாக்கி.