சுவர்ப் பக்கத்துப் படுக்கை

அமெரிக்காவில் எங்கள் மினசோட்டா மாநிலத்தில் யார் எதைக் கொடுத்தாலும் முதல் இரண்டு தடவை வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். உடனே கை நீட்டினால் ஆலாய்ப் பறக்கிறவள் என்று பேராகிவிடும். மூன்றாம் தடவை கேட்டதும் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த மரியாதையைக் கண்டுபிடித்தவனை நேரில் பார்த்தால் நாலு கேள்வி கேட்பேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, பனி பாதி உருகிய சேற்றை மிதித்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற டிரெய்லர் வீடு ஒன்று வாங்கக் கடைக்குப் போனோம். வருஷா வருஷம் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுப் படுத்து என் கணவன் கோர்டிக்கு முதுகு போய்விட்டது. எங்கள் வேன் மூவாயிரத்து ஐந்நூறு பவுண்டு எடைக்கு மேல் இழுக்காது. அந்த எடைக்குள் நாலு பேர் படுக்கிற மாதிரி அங்கே இருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் மகள்கள் மேரிட்டும் இங்காவும் ஏறின வேகத்தில் அடுக்குப் படுக்கையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

எங்களுக்கான படுக்கை மூலையில் இருந்தது. மூன்று பக்கமும் சுவர். உள்பக்கம் படுத்தவர் இறங்க வேண்டுமென்றால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். பார்த்ததுமே ஓரடி பின்வாங்கினேன். அடைசலான இடம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் இன்றைக்கு வாய் திறக்காவிட்டால் கோடை முழுக்க இந்தப் பெட்டிக்குள்தான் கிடக்க வேண்டும்.

"படுத்துப் பாருங்க மேடம்," என்றார் விற்பனையாளர் ராய்ஸ்.

"வேண்டாங்க."

"சும்மா படுங்க. ஷூவக்கூட கழட்ட வேண்டாம்."

"இல்லைங்க, வேண்டாம்."

கோர்டி சிரித்தான். "அவளுக்கு மூணு தடவ சொல்லணும், அப்பதான் கேப்பா. படு கர்ஸ்டன்!"

மூன்றாவது தடவையும் ஆகிவிட்டது. படுத்தேன். ஆறடி மூன்றங்குல கோர்டி பக்கத்தில் வந்து தொப்பென்று விழுந்தான். வழி அடைபட்டது.

"எப்படி இருக்கு?"

"வித்தியாசமா இருக்கு."

எங்கள் ஊரில் ஒன்றை இதைவிட மோசமாகத் திட்ட முடியாது. அது கோர்டிக்கும் தெரியும்.

"திரைச்சீலையச் சொல்றியா? அத மாத்திக்கலாம், விடு."

"கோர்டி, எழுந்திரு."

"இரு, கால நீட்டிப் பாத்துக்கறேன்."

காது அடைத்தது. கூரை இறங்கி வருவது போலிருந்தது.

"வேண்டாம்! எனக்கு இது வேண்டவே வேண்டாம்! எழுந்திருடா!"

கத்தின கத்தலில் கோர்டி கீழே உருண்டான். ராய்ஸ், வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மகள்கள் அடுக்குப் படுக்கையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நான் தவழ்ந்து வந்து வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது, கோபமும் அடங்கவில்லை.

"மூலைல படுத்தா எனக்கு மூச்சு முட்டும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

கோர்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தான். தேய்த்த கை நின்றது.

"வீட்லயும் நீ சுவர்ப் பக்கம்தானே படுக்கற?"

"ஆமா."

"பதினாறு வருஷமா?"

"ஆமா."

"ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே!"

"ஹீட்டர் பக்கம், கதகதப்பா இருக்கும்னு மூணு தடவ சொல்லி ஆசையாக் கொடுத்த, கோர்டி. எப்படி வேண்டாம்னு சொல்றது?"