மாதிரி எடுத்த இடம்

பாடைக்கு மூன்றாவது மூங்கிலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, பண்ணைக் காரியக்காரர் தங்கையன் தெருமுனையிலேயே நின்று, வரப்பில் முள் வெட்டிப் போட்டாகிவிட்டது, அந்த வழியாக யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அம்சம் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் தாளடி நடவு முடிந்து கரையேறிய ராமாயி, நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. சேதி கேட்டு விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கிய மகளுக்கு இன்னும் நன்றாக ஒரு பாட்டம் அழக்கூட நேரம் வாய்க்கவில்லை.

கீழத்தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போக இருந்தது ஒரே பாதை. சர்வே படத்தில் அது புறம்போக்கு. ஆனால் வருஷத்துக்கு ஒரு மண்வெட்டி அகலமாகக் கழித்துக் கழித்து, மேலத்தெருப் பண்ணையார் இராஜாங்கம் அதைத் தன் வயலுக்கு நடுவே ஒரு வரப்பாக ஆக்கிவிட்டார். தாசில்தாரிடம் கொடுத்த மனு இரண்டு ஆட்சிகளைப் பார்த்துவிட்டது. ஆனாலும் பிணம் போவதை மட்டும் அவர் இதுவரை தடுத்ததில்லை. குறுவை அறுப்பின்போது கூலி உயர்வு கேட்டுச் சங்கம் கொடி நட்டு, கீழத்தெரு மொத்தமும் பத்து நாள் அரிவாளைத் தொடாமல் இருந்ததிலிருந்து அவருக்குக் கோபம் அடங்கவேயில்லை. அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் சிறிது நேரத்தில் புல்லட்டில் வந்து இறங்கியது. இராஜாங்கத்தின் மகன் செல்லதுரை. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ரெக்கார்டு நோட்டு.

அம்சம் விவசாயக் கல்லூரியில் மண்ணியல் ஆராய்ச்சி மாணவி. மாதாமாதம் வரும் உதவித்தொகைக்கு ஈடாக, கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் நான்கு நாள் செய்முறை வகுப்பு எடுக்க வேண்டும். மண்ணைச் சலித்துக் காட்ட வேண்டும், குடுவை கழுவக் கற்றுத் தர வேண்டும், நோட்டைத் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் பரீட்சைக்கு உட்கார முடியாது. செல்லதுரை அந்த வகுப்பில்தான் இருந்தான். ஏற்கெனவே பெயிலாகி ஒரு வருஷம் போனவன். பாதி வகுப்புக்கு வரவில்லை; நோட்டு மட்டும் முழுசாக வந்தது. அவள் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பேராசிரியரிடம் ஆள் போனபோது, வகுப்பெடுப்பது அந்தப் பெண், அவள் சொல்வதுதான் முடிவு என்று அவரும் கழன்றுகொண்டார்.

"ஒரு கையெழுத்துதான். நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள நோட்டை வைக்கணும். போட்டுட்டா அஞ்சு நிமிஷத்துல முள்ளை எடுத்துடுவாங்க. அப்பா சொல்லிட்டாரு" என்றான் செல்லதுரை.

கல்லூரியில் வாய்க்கு வாய் மேடம் என்பான். இங்கே அதையும் சொல்லவில்லை, பேர் சொல்லியும் கூப்பிடவில்லை. பிணத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

தெருவே அம்சத்தைப் பார்த்தது. அண்ணன் வீரையன் சங்கத்தின் கிளைச் செயலாளர். இந்தப் பாதைக்காக யாரோடும் சமாதானமில்லை என்று இரண்டு மாதமாகத் தொண்டை வற்றக் கத்தியவன். அவன்தான் முதலில் வாய் திறந்தான்.

"போட்டுக் குடுத்துத் தொலை அம்சம். நீ போடுற கையெழுத்துல அவன் கலெக்டரா ஆயிடப் போறான்? மழை கட்டிக்கிட்டு நிக்குது, அம்மாவ எம்மா நேரம் இப்படியே வச்சிருக்கிறது?"

அவள் எழுந்துபோய்க் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினாள். அவனே பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தான். முதல் பக்கத்தைப் பிரித்தாள். கல்லூரியில் திருப்பிக் கொடுத்தபோதே பார்த்த வரிகள்தான், ஆனாலும் இன்றைக்கு வேறு மாதிரி இருந்தன. மாதிரி எடுத்த இடம்: கீழத்தெரு, ராமாயி கொல்லை. ஆழம்: பதினைந்து சென்டிமீட்டர். எடுத்தவர்: செல்லதுரை.

ஐந்து வருஷத்துக்கு முன் அவள் எழுதிய நோட்டை யாரோ வரிக்கு வரி பார்த்து எழுதியிருந்தார்கள். அவள் நோட்டு விடுதியில் கைமாறிக் கைமாறி எங்கேயோ போய், இவன் கையில் அகப்பட்டிருந்தது. குடுவையைச் சரியாகக் கழுவாமல் அவள் எடுத்த ஒரு தப்பான அளவுகூட அப்படியே இருந்தது. அன்றைக்கு, மண்ணைப் படிக்கவா காலேஜுக்குப் போனாய், என்னைக் கேட்டால் சொல்ல மாட்டேனா என்று சிரித்தபடி, கொல்லையில் ஆறு இடத்தில் குழி வெட்டி மண் எடுத்துக் கொடுத்தவள் ராமாயி.

பேனா காகிதத்தின் மேல் நின்றது.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"உங்க எழுத்து எனக்குத் தெரியும். நோட்டு எழுதவுமா ஆள் விட்டீங்க?"

அவன் முகம் கறுத்தது. "என்ன, பேச்சு நீளுது? அங்க மேடம்னா இங்கயும் மேடமா?"

"இங்க நான் மேடம் இல்லைல்ல? அப்பறம் என் கையெழுத்து எதுக்கு?"

பேனாவை மூடி, நோட்டின் மேல் வைத்து நீட்டினாள். வீரையன் பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். பெற்றவளைவிட இவளுக்கு வீம்புதான் பெரிது, படிக்க வைத்ததற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம் என்று கத்தினான். இரண்டு பெண்கள், பாவி, பெத்த தாயை நாற விடுறாளே என்றார்கள்.

அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த அப்பா அரசப்பன், "அதுல என்னதான் எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"நம்ம கொல்லையில அவரு கையால மண்ணு வெட்டினாராம்."

அரசப்பன் எழுந்து நின்றார். துண்டு தோளில்தான் இருந்தது, இடுப்புக்கு இறக்கவில்லை.

"சின்னய்யா, நம்ம கொல்லைக்கு எப்ப வந்தீங்க?"

செல்லதுரை நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் வண்டியில் ஏறினான். புல்லட் இரண்டு உதை வாங்கி மூன்றாவதில் கிளம்பியது.

"வாய்க்கா யார் பேர்லயும் இல்ல. அதுல இறங்கிப் போவோம்" என்றார் அரசப்பன். வேட்டியை மடித்துக் கட்டினார். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டார்.

வரப்பை ஒட்டிச் சுடுகாட்டு மேடுவரை போகும் வாய்க்கால், ஐப்பசித் தண்ணீரில் கரையைத் தொட்டு ஓடியது. மார்பளவு தண்ணீரில் ஆறு பேர் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பெண்கள் வழக்கம்போலத் தெருமுனையில் நின்றுகொண்டார்கள். அம்சம் நிற்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை, யாரும் அவளோடு பேசவும் இல்லை. முள்ளுக்கு அந்தப் பக்கம் வரப்பில் நின்ற பண்ணை ஆட்கள் பீடியை எறியாமல் பார்த்தார்கள். பாதி தூரத்தில் தூக்கியவர்களுக்குச் சேறு வழுக்கி, பாடையின் கால்மாடு ஒரு முறை தண்ணீரில் பட்டு எழுந்தது.

"இடப்பக்கம் பள்ளம்" என்றான் வீரையன், திரும்பாமலே.

சுடுகாட்டு மேட்டில் இறக்கி வைத்தபோது ராமாயியின் பாதங்கள் மட்டும் நனைந்திருந்தன. பூசியிருந்த மஞ்சள் கரைந்துபோய், சேற்றுப் புண் வெடிப்புகள் வெளுத்துத் தெரிந்தன. அரசப்பன் தலைத்துண்டை அவிழ்த்தார். அதுவும் ஈரம்தான். அதை இறுக்கிப் பிழிந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைக்க ஆரம்பித்தார். தூக்கி வந்தவர்கள் அவர் முடிக்கும்வரை நின்றார்கள்.